இரண்டாம் பாகத்தில் துணைப் பாத்திரங்களை எழுதும் முறை: அறிவியல் புனைவுப் படங்கள் காட்டும் வழிகள்

1986இல் வெளிவந்த 'ஏலியன்ஸ்' படத்தின் இறுதிக் கட்டத்தில், உலை வெடிப்பதற்குச் சில நிமிடங்களே மிஞ்சியிருக்கும் வேளையில், நாயகி ரிப்ளி இரண்டு ஆயுதங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மின்தூக்கியில் தனியாகக் கீழே இறங்குகிறாள். தப்பிச் செல்லும் வழி திறந்திருக்கிறது. ஆனாலும் நியூட் என்ற சிறுமியை விட்டுப் போக அவளால் முடியவில்லை, ஏனென்றால் ஒருபோதும் விட்டுப் போகமாட்டேன் என்று அச்சிறுமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1992இல் வந்த மூன்றாம் படத்தில், தொடக்கத் தலைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த கலத்தில் தீப்பற்றுகிறது. தலைப்புகள் முடிந்த சிறிது நேரத்தில் நியூட் தன் உறக்கக் கூட்டுக்குள்ளேயே நீரில் மூழ்கி இறந்துவிட்டாள் என்றும், ரிப்ளிக்குத் துணையாக நின்ற ஹிக்ஸ் என்ற வீரனும் இறந்துவிட்டான் என்றும் நமக்குத் தெரிகிறது. முந்தைய படம் முழுவதும் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமோ, அது ஓர் அறிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கட்டுரை இரண்டாம் பாகம் எழுத முனைபவர்களுக்கானது. குறும்படமோ முழுநீளத் திரைக்கதையோ, தானே எழுதிய அறிவியல் புனைவுக் கதையின் தொடர்ச்சியோ, எதுவாக இருந்தாலும் பொருந்தும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை நாயகனின் வாழ்க்கை நகர்ந்திருக்கும் என்பதை எல்லா எழுத்தாளர்களும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்களின் வாழ்க்கையும் அதே வேகத்தில் நகர்ந்திருக்கும் என்பதை நினைவில் வைப்பவர்கள் குறைவு. நான் மதிக்கும் தொடர்ச்சிப் படங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டாவது நினைவு தவறாமல் இருக்கிறது. என்னை வருத்திய படங்களில் அது விடுபட்டிருக்கிறது.

அறிவியல் புனைவில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்பக் கதையிலோ குற்றக் கதையிலோ உலகம் நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. அறிவியல் புனைவிலோ உலகமே புதிது. அங்கே ஒரு சாதாரண மனிதர் எப்படிப் பிழைக்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதைத் துணைப் பாத்திரங்களைப் பார்த்தே நாம் அறிகிறோம். மேலும், உறைதூக்கம், ஓர் உயிரை அப்படியே நகலெடுக்கும் படியாக்கம், காலப்பயணம் போன்ற வசதிகள் இந்த வகைக்கு மட்டுமே உரியவை. அவற்றைக் கொண்டு யாரையும் எளிதாகக் கொல்லலாம், எளிதாகத் திரும்பக் கொண்டுவரலாம், நூறாண்டு தாண்டித் தூக்கி வைக்கலாம். கை அருகில் கருவி இருப்பதாலேயே அதை எடுத்துவிடும் ஆசை எழுத்தாளருக்கு வருகிறது.

முதலில் ஒரு பேரேடு

இரண்டாம் பாகத்தின் கதையை யோசிப்பதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதற்படத்தின் கடைசிக் காட்சியில் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வயது, தோற்றம், தொழில் ஆகியவற்றை எழுத வேண்டாம். அவை ஏற்கெனவே படத்தில் இருக்கின்றன. அவர் கண்ணால் பார்த்தது என்ன, பார்க்கத் தவறியது என்ன, யாரை இழந்தார், நாயகனுக்கு அவர் பட்ட கடன் அல்லது நாயகன் அவருக்குப் பட்ட கடன் என்ன என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு காட்சியில் வந்து போனவருக்கும் இந்தப் பக்கம் தேவை. சொல்லப்போனால் அத்தகையவர்களின் பக்கங்களில்தான் எதிர்பாராத விதைகள் கிடைக்கின்றன.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'டெர்மினேட்டர்' படங்களில் வரும் மனநல மருத்துவர் சில்பர்மேன். ஏர்ல் போயன் நடித்த இந்தப் பாத்திரம் 1984ஆம் ஆண்டுப் படத்தில் காவல் நிலையத்தில் அறிமுகமாகிறது. எதிர்காலத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் கைல் ரீஸை விசாரித்துவிட்டு, இந்த ஆளை வைத்தே என் தொழிலில் பெயர் வாங்கிவிடலாம் என்னும் பொருள்பட மகிழ்ச்சியோடு பேசுகிறார். பிறகு வீட்டுக்குக் கிளம்புகிறார். அவர் வாசலைத் தாண்டும் அதே நொடியில் கொலை இயந்திரம் உள்ளே நுழைகிறது; ஆனால் அவர் தம் பேஜரைப் பார்த்துக்கொண்டே போவதால் அதைக் கவனிப்பதில்லை. இப்போது அவருடைய பேரேட்டுப் பக்கத்தை எழுதிப் பாருங்கள். பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை. ரீஸ் பைத்தியம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அன்றிரவு அந்த நிலையத்தில் பலர் இறந்தார்கள், அவர் இறக்கவில்லை.

1991ஆம் ஆண்டுப் படம் இந்தப் பக்கத்திலிருந்து நேராக வளர்ந்திருக்கிறது. சில்பர்மேன் இப்போது நாயகி சேரா கானரை அடைத்து வைத்திருக்கும் மனநல மருத்துவமனையில் அவளுக்குப் பொறுப்பான மருத்துவர். பயிற்சி மருத்துவர்களை அழைத்து வந்து, கதவுக் கண்ணாடி வழியே அவளை ஒரு விந்தையான நோயாளியாகக் காட்டுகிறார். அன்று சொன்னபடியே இந்தக் கதையை வைத்துத் தொழில் நடத்துகிறார். பிறகு அதே மருத்துவமனையில், திரவ உலோக உருவம் ஒன்று இரும்புக் கம்பிகளுக்கு ஊடாக நடந்து வருவதை அவர் தம் கண்ணாலேயே பார்க்க நேர்கிறது. முதற்படத்தில் தவறவிட்ட காட்சி, ஏழு ஆண்டுகள் கழித்து அவரைத் தேடி வந்து நிற்கிறது. 2003இல் வந்த மூன்றாம் படத்தில் அவருக்கு மிகச் சிறிய இடம்தான். அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்கு ஆறுதல் சொல்லும் ஆலோசகராக ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறார். நம்ப முடியாதவற்றைப் பார்த்தவர்களின் மனநிலையைத் தாமும் அறிவார் என்று பேசத் தொடங்குகிறார். அந்த இயந்திரத்தை மீண்டும் கண்டதும் ஓடிவிடுகிறார். மூன்று படங்களிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்த நேரம் குறைவுதான். ஆனால் நம்பாதவர், நம்ப வைக்கப்பட்டவர், நம்பியதன் சுமையோடு வாழ்பவர் என்று ஒரு முழு மனித வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. மூன்றாம் படத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை. அந்தக் கல்லறைக் காட்சியை மட்டும் இன்றும் மறக்கவில்லை.

பேரேட்டில் திரைக்கு வராதவர்களுக்கும் பக்கம் உண்டு. 'ஏலியன்ஸ்' படத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு காட்சியில், 57 ஆண்டுகள் விண்வெளியில் உறங்கிக் கிடந்த ரிப்ளி, தன் மகள் 66 வயதில் இறந்துபோன செய்தியை ஒரு புகைப்படத்தோடு பெறுகிறாள். மகளின் பதினொன்றாவது பிறந்தநாளுக்குள் வீடு திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். திரையரங்கப் பதிப்பில் இக்காட்சி வெட்டப்பட்டு, பின்னர் வந்த நீண்ட பதிப்பில் சேர்க்கப்பட்டது. இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதற்பதிப்பில் ரிப்ளி ஒரு துணிச்சலான பெண்ணாக நியூட்டைக் காப்பாற்றுகிறாள். நீண்ட பதிப்பில், ஒருமுறை காப்பாற்ற முடியாமல் போன வாக்கை இந்த முறையாவது காப்பாற்றத் துடிக்கும் தாயாகக் கீழே இறங்குகிறாள். திரையில் தோன்றாத ஒரு மகளின் பக்கம்தான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது.

இடையில் ஓடிய காலம்

அடுத்து, இரண்டு படங்களுக்கும் நடுவில் கதையுலகில் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்று முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் அந்த ஆண்டுகளைத் துணைப் பாத்திரங்களுக்கும் கொடுங்கள். நாயகன் நரைத்திருக்க, நண்பன் மட்டும் அதே அறையில் அதே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டாம் பாகங்களில் அடிக்கடி நேரும் பிழை. இடைக்காலத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டால் போதும். அதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரைக்கு வரவேண்டியதில்லை. ஆனால் நடிகருக்கு நிற்கும் இடமும் பார்க்கும் பார்வையும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

2011, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' மூன்று படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்குமாறு எழுத விரும்புவோருக்கு எப்போதும் பரிந்துரைப்பேன். அவற்றில் வரும் மாரிஸ் என்ற ஒராங்குட்டான், முதற்படத்தில் விலங்குக் காப்பகக் கூண்டில் அறிமுகமாகிறது. சைகை மொழி தனக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியிருந்த நாயகன் சீசர் என்ற சிம்பன்சிக்கு, பக்கத்துக் கூண்டிலிருந்து பதில் சைகை வருகிறது. மாரிஸ் சர்க்கஸில் வளர்ந்தது. அறிவுள்ள குரங்கை மனிதர்கள் விரும்புவதில்லை என்று சீசரை எச்சரிக்கிறது. மொழி தெரியும், உலகம் தெரியும், ஆத்திரம் இல்லை. இந்தச் சிறு காட்சியில் இருப்பது இவ்வளவுதான்.

இரண்டாம் படம் தொடங்கும்போது மாரிஸ் காட்டில் குட்டிகளுக்குப் பாடம் நடத்துகிறது. குரங்கு குரங்கைக் கொல்லாது என்னும் சட்டம் பாறையில் எழுதப்பட்டிருக்கிறது. மொழி அறிந்த ஒருவர் புதிய சமூகத்தில் ஆசிரியராவதை யாரும் விளக்கத் தேவையில்லை. மனிதச் சிறுவன் ஒருவன் கொண்டுவந்த புத்தகத்தை அவனருகில் அமர்ந்து பார்க்கும் காட்சியும் இதே நூலில் கோத்த மணிதான். மூன்றாம் படத்தில், பேச்சிழந்த மனிதச் சிறுமி ஒருத்தியைத் தனியே விட்டுப்போக மறுத்து மாரிஸ் அவளைத் தன்னோடு அழைத்து வருகிறது. அவளுக்கு நோவா என்று பெயரும் வைக்கிறது. கடைசியில் சீசர் உயிர்விடும்போது பக்கத்தில் இருப்பதும் மாரிஸ்தான். தந்தை யார், அவர் என்ன செய்தார் என்பதை மகன் அறிவான் என்று உறுதி கூறுகிறது. ஆசிரியராக இருந்தவர் இப்போது வரலாற்றைக் காப்பவர். மூன்று படங்களிலும் இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் காரின் கொனோவல் என்ற ஒரே நடிகை என்பதும், அந்தக் கண்களில் தெரியும் நிதானம் ஒரே சீராகத் தொடர்வதற்கு ஒரு காரணம்.

அதே படங்களில் கோபா என்னும் போனோபோ வகைக் குரங்கையும் கவனியுங்கள். முதற்படத்தில் அது ஆய்வுக்கூடத்தில் ஊசி குத்தப்பட்டு வாழ்ந்த ஒரு விலங்கு. கதையில் அதற்குப் பெரிய இடமில்லை. இரண்டாம் படத்தில் மனிதர்களோடு இணக்கம் வேண்டும் என்று சீசர் சொல்லும்போது, கோபா தன் உடலில் இருக்கும் வடுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இவைதான் மனிதர் செய்த வேலை என்கிறது. வில்லனாக மாறப்போகும் பாத்திரத்துக்குப் புதிய காரணம் எதுவும் கண்டுபிடிக்கத் தேவைப்படவில்லை. முதற்படம் அதன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்ததை இரண்டாம் படம் படித்துக் காட்டியது.

ஒரு துணைப் பாத்திரம் நாயகனாகவே உயர்வதும் உண்டு. 1968ஆம் ஆண்டின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் ஹேவுட் ஃபிளாய்ட் என்பவர் நிலவில் கிடைத்த கருங்கல்லைப் பற்றிய உண்மையை மறைத்து வைக்கும் அதிகாரியாக வந்து போகிறார். 1984இல் பீட்டர் ஹைம்ஸ் இயக்கிய தொடர்ச்சிப் படத்தில் அவரே மையப் பாத்திரம். தோல்வியில் முடிந்த அந்தப் பயணத்தின் பழி அவர் தோளில் இருக்கிறது. நடிகர் மாறியிருந்தாலும் பாத்திரம் மாறவில்லை, ஏனென்றால் மறைத்தவர் பதில் தேடிப் போவதே அக்கதையின் இயக்கம். முதற்படத்தில் யார் மிகப் பெரிய பொய்யைச் சொன்னாரோ, அவரை இரண்டாம் பாகத்தின் நடுவில் நிறுத்த முடியுமா என்று ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள். 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தில் முட்டை பொரிக்கும் கூடத்தில் சற்று நேரமே வந்த ஹென்றி வூ என்ற அறிவியலாளரும், 22 ஆண்டுகள் கழித்து 2015இல் திரும்பி வந்தபோது, அந்த உலகத்தின் குற்றத்துக்கு நேரடிப் பொறுப்பாளராக வளர்ந்திருந்தார்.

நடிகர் வராதபோது

எழுத்தாளரின் கையில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்ஷீட் கிடைக்காது, சம்பளம் ஒத்துவராது, நோய் வரும், இறப்பும் நேரும். ஆகவே ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்கும் அவர் வராவிட்டால் என்ன செய்வது என்னும் மாற்று வழியைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. படப்பிடிப்புக்கு முந்தைய வாரத்தில் யோசித்தால் பாத்திரம் ஒரு தொலைபேசி அழைப்பாகிவிடும். நம் மொழியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் சனா இல்லாமல் கதையே இல்லை; ஓர் இயந்திரம் மனிதனைப் போல ஆசைப்படத் தொடங்கியதே அவளால்தான். 2018இல் வந்த '2.0'வில் அவள் கைபேசியில் கேட்கும் ஒரு குரல் மட்டும். வசீகரனோடு ஆய்வுக்கூடத்தில் உழைத்த சிவாவும் ரவியும் அதில் இல்லவே இல்லை. அதே படம் போராவின் மகனைக் கொண்டுவந்து, தந்தையின் பகையைத் தொடரச் செய்திருக்கிறது என்பதால், முதற்படத்தின் நினைவு எழுத்தாளர்களிடம் இருந்தது தெளிவு. அந்த நினைவு பகைவர் வீட்டுக்குப் போன அளவுக்கு நண்பர் வீட்டுக்கும் போயிருக்கலாம் என்பது என் குறை. சனா என்ன ஆனாள், சிட்டியைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாள் என்பதற்கு ஒரு காட்சி கொடுத்திருந்தால், சிட்டி மீண்டும் உயிர்பெறும் தருணத்துக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

இல்லாமையைக் கதையாக மாற்றிய படங்கள் இருக்கின்றன. 'மேட்ரிக்ஸ்' முதற்படத்தில் உயிர் பிழைத்த, கப்பலின் கருவிகளை இயக்கும் டேங்க் என்ற பாத்திரம் 2003ஆம் ஆண்டின் தொடர்ச்சியில் இல்லை. அவர் இறந்துவிட்டதாகக் கதை சொல்கிறது. அவருடைய இடத்துக்கு லிங்க் என்பவர் வருகிறார். ஆனால் லிங்க் வெறும் மாற்றாள் ஆகவில்லை. டேங்க்குக்கும் டோசருக்கும் ஸீ என்று ஒரு சகோதரி இருக்கிறாள். லிங்க் அவளுடைய கணவன். ஒரே கப்பலில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த பெண், அதே கப்பலுக்குக் கணவனையும் அனுப்ப அஞ்சுகிறாள். ஒரு நடிகர் வராததால் ஏற்பட்ட வெற்றிடம் ஒரு வீட்டின் அச்சமாக மாறியது. அதே படவரிசையில் வருவதை உரைக்கும் ஆரக்கிள் பாத்திரத்தை ஏற்றிருந்த குளோரியா ஃபாஸ்டர் 2001இல் காலமானார். மூன்றாம் படத்தில் மேரி ஆலிஸ் அந்த இடத்துக்கு வந்தபோது, பழைய உருவத்தை இழந்ததும் அவர் செய்த ஒரு தேர்வின் விளைவு என்று கதைக்குள்ளேயே காரணம் சொல்லப்பட்டது.

எல்லா மாற்றத்துக்கும் இப்படிக் காரணம் கட்ட வேண்டும் என்பதில்லை. 'பேக் டு தி ஃபியூச்சர்' இரண்டாம் பாகத்தில் நாயகனின் காதலி ஜெனிஃபராக நடித்தவர் மாறியபோது, முதற்படத்தின் கடைசிக் காட்சியையே புதிய நடிகையை வைத்து மீண்டும் எடுத்துப் படத்தைத் தொடங்கினார்கள்; பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பாத்திரத்துக்கு நேர்ந்த உண்மையான குறை வேறு. முதற்படம் முடியும்போது தொடர்ச்சி எடுக்கும் எண்ணம் இல்லாததால், ஜெனிஃபரையும் காலப்பயணக் காரில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வேலை இல்லாததால், அந்தக் காரை உருவாக்கிய டாக் பிரவுன் ஒரு கருவியால் அவளை மயக்கமடையச் செய்கிறார். அவள் கதையின் பெரும்பகுதியை மயக்கத்திலேயே கழிக்கிறாள். ஒரு பாத்திரத்தைத் தூங்க வைக்கும் கருவி உங்கள் கதைக்குத் தேவைப்பட்டால், அவளை அழைத்துவர உங்களிடம் காரணம் இல்லை என்று பொருள். அந்த இடத்தில் நின்று திரும்ப எழுதுங்கள்.

அதே படத்தில் இன்னொரு நிகழ்ச்சி எழுத்தின் எல்லையைத் தாண்டி அறத்தைத் தொடுகிறது. நாயகனின் தந்தை ஜார்ஜ் மெக்ஃபிளையாக நடித்த கிரிஸ்பின் குளோவர் தொடர்ச்சியில் நடிக்கவில்லை. வேறொரு நடிகருக்கு அவரைப் போன்ற முகஒப்பனை செய்து, தலைகீழாகத் தொங்கவிட்டும் கறுப்புக் கண்ணாடி அணிவித்தும் நடிக்க வைத்தார்கள். குளோவர் வழக்குத் தொடர்ந்தார்; அது உடன்பாட்டில் முடிந்தது. இன்று முகத்தைக் கணினியில் உருவாக்க முடிகிற நிலையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 1994இல் மறைந்த நடிகர் பீட்டர் குஷிங்கின் முகம் 2016ஆம் ஆண்டுப் படமொன்றில் பேசி நடித்தது. ஒப்புதல் பெற்றாலும், அந்த முகம் கதைக்கு உண்மையிலேயே வேண்டுமா, பழைய படத்தைப் பார்த்தவர்களின் பாசத்தைத் தொடுவதற்காக மட்டும் வருகிறதா என்பதை எழுத்தாளர்தான் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாவும் மீட்சியும்

மூன்றாம் 'ஏலியன்' படத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதை எளிதாகக் கண்டித்துவிட்டுப் போவது நியாயமாகாது. டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய அப்படம் அந்தச் சாவுகளை மறந்துவிடவில்லை. நியூட்டின் உடலுக்குள் வேற்றுயிர் இருக்குமோ என்று அஞ்சி, காலரா என்று பொய்க் காரணம் சொல்லி, பிணப் பரிசோதனை செய்யச் சொல்லி ரிப்ளி பக்கத்திலேயே நிற்கிறாள். உடல்களை உலையில் இடும் சடங்கில் கலம் விழுந்த இடத்துச் சிறைவாசிகளின் தலைவர் டில்லன் பேசும் சொற்கள் உருக்கமானவை. துயரத்தை இவ்வளவு நேருக்கு நேர் பார்த்த அறிவியல் புனைவுப் படங்கள் அதிகம் இல்லை. பிறகு எங்கே தவறுகிறது? இறந்தவர்கள் எதையும் செய்து இறக்கவில்லை என்பதில்தான். நியூட் ஒரு முடிவு எடுக்கவில்லை, ஹிக்ஸ் ஒரு சொல் பேசவில்லை. ரிப்ளியைத் தனியாக்கக் கதைக்கு வேண்டியிருந்ததால் இருவரும் அகற்றப்பட்டார்கள். ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீன் அப்படத்தில் ஒரு புகைப்படமாக மட்டுமே இருக்கிறார். பிஷப்புக்கு மட்டும் ஒரு நல்ல காட்சி கிடைத்தது: சிதைந்த நிலையில் மீண்டும் இயக்கப்பட்ட அந்த இயந்திர மனிதன், தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தன்னை நிறுத்திவிடும்படி தானே கேட்டுக்கொள்கிறது. அதில் ஒரு தேர்வு இருக்கிறது, ஆகவே அந்தச் சாவில் கண்ணியமும் இருக்கிறது.

இதிலிருந்து பின்பற்றத்தக்க வழி ஒன்று கிடைக்கிறது. முதற்படத்தில் காப்பாற்றப்பட்ட ஒருவரை இரண்டாம் படத்தில் கொல்லத்தான் வேண்டும் என்றால், இறப்பதற்கு முன் அவருக்கு ஒரு காட்சி கொடுங்கள்; அந்தக் காட்சியில் அவர் ஏதாவது ஒன்றைத் தாமே முடிவு செய்யட்டும். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் தலைமுறைகள் அறிந்த அட்மிரல் அக்பார், 2017ஆம் ஆண்டுப் படத்தில் இறந்துவிட்டதாக ஒரு வசன வரியில் தெரியவந்தபோது பலருக்கு ஏற்பட்ட வெறுமை, அந்த ஒரு காட்சி இல்லாததால் வந்தது.

இறந்தவரை மீட்டுக்கொண்டு வருவது அதைவிடக் கடினம். 1982ஆம் ஆண்டின் இரண்டாம் 'ஸ்டார் டிரெக்' படத்தில் ஸ்பாக் உயிர்த்தியாகம் செய்வதற்குச் சற்று முன், மருத்துவர் மெக்காய் முகத்தில் விரல் வைத்து, நினைவில் கொள் என்று ஒரு சொல் சொல்கிறான். 1984ஆம் ஆண்டின் மூன்றாம் படம் அந்த ஒரு சொல்லிலிருந்து வளர்கிறது: நண்பனின் ஆன்மாவை மெக்காய் தன் மனத்துக்குள் சுமந்து, தடுமாறுகிறான். ஸ்பாக் திரும்பி வருகிறான், ஆனால் அதற்காகக் கேப்டன் கிர்க் தன் மகனையும் கப்பலையும் இழக்கிறான். விலை கொடுக்கப்பட்டதால் மீட்சியை நம்மால் ஏற்க முடிகிறது.

விலையை மறுப்பதும் ஒரு வழியாகலாம். 2017இல் வந்த 'பிளேடு ரன்னர் 2049' படத்தில், முப்பதாண்டுகளுக்கு முன் பிள்ளைப்பேற்றில் இறந்த ரேச்சலின் அச்சு அசலான உருவத்தை உருவாக்கி, அவளைக் காதலித்த முதற்பட நாயகன் டெக்கார்டின் முன் நிறுத்துகிறார்கள். அவள் கண்கள் பச்சை நிறம் என்று மட்டும் சொல்லி அவன் திரும்பிவிடுகிறான். படியாக்கத்தால் எதையும் திருப்பித்தர முடிகிற உலகத்தில், போனவர் போனவர்தான் என்று ஒரு துணைப் பாத்திரத்தின் பொருட்டு எழுத்தாளர்கள் உறுதியாக நின்ற காட்சி அது. படியாக்கம் உள்ள கதையை எழுதுபவர்கள் இதைப் பலமுறை பார்க்க வேண்டும்.

புதியவர்களுக்கு இடம்

பழையவர்களைப் பேணும் அக்கறையில் புதியவர்களை மறந்துவிடக் கூடாது. நல்ல புதிய பாத்திரம் பெரும்பாலும் ஒரு பழைய காயத்திலிருந்து பிறக்கிறது. முதல் 'ஏலியன்' படத்தில் ஆஷ் என்ற இயந்திர மனிதன் ரிப்ளியைக் கொல்ல முயன்றது. அதனால்தான் இரண்டாம் படத்தில் பிஷப்பும் இயந்திரம் என்று தெரிந்தவுடன் அவள் அதை நெருங்கவிட மறுக்கிறாள். படத்தின் முடிவில், உடல் இரண்டாகக் கிழிந்த நிலையிலும் நியூட் வெளியே இழுக்கப்படாமல் கையால் பற்றிக்கொள்வது அதே பிஷப். ஆஷ் இல்லாவிட்டால் பிஷப்பின் கையில் அவ்வளவு பொருள் இருந்திருக்காது. உங்கள் பேரேட்டில் இறந்தவர்களின் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். புதியவரின் பிறப்பிடம் அங்கே இருக்கலாம்.

ஒருமுறை அறிமுகப்படுத்திய புதியவரை அடுத்த பாகத்தில் கைவிடாதீர்கள். 2017இல் 'ஸ்டார் வார்ஸ்' கதைக்குள் வந்த ரோஸ் டிக்கோ அப்படத்தின் ஒரு முக்கியக் கிளைக்கதையைத் தாங்கினாள். அந்தப் பாத்திரத்தை ஏற்ற கெல்லி மேரி டிரான் இணையத்தில் கொடுமையான இனவெறி வசைகளுக்கு ஆளானார். 2019ஆம் ஆண்டுப் படத்தில் ரோஸ் சில வரிகளோடு முகாமிலேயே நின்றுவிட்டாள். படத்தை உருவாக்கியவர்களுக்கு என்ன காரணம் இருந்திருந்தாலும், வசை பாடியவர்கள் வென்றதைப் போலவே அது பார்வையாளர்களுக்குத் தோன்றியது. கூச்சல் எழும்போது, எழுத்தாளர் தம் பேரேட்டைத் திறந்து, அந்தப் பாத்திரம் எங்கே நின்றது, அடுத்து எங்கே போக விரும்பும் என்பதை மட்டும் பார்த்து எழுத வேண்டும்.

கடைசி வாசிப்பு

திரைக்கதை முடிந்தபின், நாயகனின் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு துணைப் பாத்திரம் வரும் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, முதற்படத்தின் அதே பாத்திரத்தின் பக்கங்களோடு சேர்த்துத் தொடர்ச்சியாகப் படியுங்கள். இரண்டு பக்கமே இருந்தாலும் படியுங்கள். அவர் நாயகனுக்குத் தகவல் சொல்வதற்காக மட்டும் வாய் திறக்கிறாரா, நாயகன் உள்ளே வருவதற்கு முன் அந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத இடத்தில் வசனத்தைக் கூட்டாதீர்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். 'பிளேடு ரன்னர்' முதற்படத்தில் காகிதத்தை மடித்து உருவங்கள் செய்துகொண்டே இருந்த காஃப் என்ற காவலரை, 35 ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் படம் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு காட்சியில் சந்திக்கிறது. பழைய கூட்டாளியைப் பற்றிக் கேட்க வந்த இளைஞனுக்கு அவர் பதில் சொல்கிறார். சொல்லிக்கொண்டே விரல்கள் ஒரு காகிதத்தை மடிக்கின்றன. பேச்சு முடியும்போது மேசைமீது ஒரு சிறிய செம்மறியாடு நிற்கிறது.